தாளின் பின்புறத்தைப் பாருங்கள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பழைய யப்பானிய மரப்பலகை அச்சோவியங்களைச் சேகரிப்பவர்கள் அரிது. ஆயினும் எடோ காலத்து (1603–1868) அச்சுத் தாளொன்றைக் கையில் ஏந்திப் பார்த்தவர் எவரும் அந்த ஈடுபாட்டிலிருந்து இலகுவில் மீளமாட்டார்.

ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் செர்ரி மரப் பலகையில் வெட்டிக் கொடுக்க, அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக வைத்து, முசுக்கட்டை இனப் பட்டை நாரில் செய்த தாளைக் கையால் தேய்த்து அச்சிடுவார். ஆகவே நான் முதலில் பார்ப்பது தாளின் பின்புறத்தையே. 'பரென்' என்னும் தேய்கருவி சுழன்ற தடங்களும் நாருக்குள் ஊறிய நிறமும் அங்கே தெரியவேண்டும். உருப்பெருக்கியில் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திரப் பிரதி. தடங்கள் இருப்பதனால் மட்டும் பழமை உறுதியாகிவிடாது. புதிதாகப் பலகை வெட்டி அச்சிட்ட மறுபதிப்புகளிலும் அவை உண்டு. எடோ கால ஓவியர் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டுப் படைப்பொன்றில், பாலத்தின்மீது கொட்டும் திடீர் மழையை மயிரிழைக் கோடுகளாகவே செதுக்கியிருக்கிறார்கள். பலகை தேயத் தேய இத்தகைய கோடுகள் தடித்தும் அறுந்தும் போகும் என்பதால், அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்துள்ள நல்ல பிரதிகளோடு கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசவேண்டும்.

வன்னியில் வாங்குவதைவிடப் பேணுவதே கடினம். வெயில் படும் சுவரில் மாட்டினால் அச்சில் உள்ள குசும்பப்பூச் சாயத்தின் சிவப்பு வெளிறிவிடும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கறையானைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அமிலமற்ற அட்டைகளுக்கிடையில் வைத்து, சுவரிலிருந்து தள்ளி நிறுத்திய இரும்பு அலுமாரியில் அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்பே ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை மாற்றிவிடுகிறேன்.