பாடம் ஏறாத 92

ஜனவரி 11

தூக்கம் வராத இரவுகளில் பழைய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களைப் பார்க்கிறேன். இந்த வாரம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன். லைன்பேக்கர், அதாவது எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் ஆள், சட்டை எண் 92. ஆறடி ஆள், கழுத்து என்று தனியாக ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஒஹையோ மாநிலத்து ஆக்ரன்காரர், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2002-ல் வந்தவரை டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், ஒரு அணியும் சீண்டவில்லை. குள்ளம் என்றார்கள். பிறகு ஸ்டீலர்ஸ் சேர்த்தது, கழற்றிவிட்டது, மறுபடி சேர்த்தது, மறுபடியும் கழற்றிவிட்டது. உடம்பில் குறையில்லை, பாடம்தான் மண்டையில் ஏறவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்ற திட்டம் குழம்பினால் பயிற்சியில் அப்படியே நின்றுவிடுவாராம். பால்டிமோர் ரேவன்ஸ் அவரை ஜெர்மனியில் ரைன் ஃபயர் அணிக்கு ஆட அனுப்பிவைத்து, திரும்பி வந்ததும் அவர்களும் கைகழுவினார்கள்.

ஜனவரி 14

அடுத்தவர் கை உடைந்ததில் இவருக்குக் கதவு திறந்தது. 2004-ல் ஸ்டீலர்ஸ் லைன்பேக்கர் கிளார்க் ஹேகன்ஸ் எடை தூக்கும்போது கையை உடைத்துக்கொள்ள, அணி ஹாரிசனைத் திரும்பக் கூப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே இன்னொரு ஸ்டீலர்ஸ் லைன்பேக்கர் ஜோயி போர்ட்டர் எதிரணிக்காரருடன் கைகலந்து வெளியேற்றப்பட்டார். அவர் இடத்தில் இறங்கிய ஹாரிசன், எதிரணிக்காகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறியும் முன்பே பந்தோடு சாய்த்தார். சாக் என்பது அதுதான்.

ஜனவரி 15

2005 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதே கிளீவ்லாந்து. மைதானத்துக்குள் ஓடிவந்த ரசிகர் ஒருவரைத் தூக்கித் தரையில் போடுகிறார். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 1

2009-ல் இதே நாள், டேம்பாவில் சூப்பர் பவுல், பருவத்தின் இறுதி ஆட்டம். அந்தப் பருவத்தில் ஹாரிசனுக்கு 16 சாக். ஆண்டின் சிறந்த டிஃபன்ஸ் (தடுப்பாட்ட) வீரர் விருதும் வந்துவிட்டது. டிராஃப்ட்டில் எடுக்கப்படாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

முதல் பாதி முடிய 18 நொடி. ஸ்டீலர்ஸ் 10, அரிசோனா கார்டினல்ஸ் 7. அரிசோனா இன்னும் ஒரு யார்டு தாண்டி எண்ட் ஸோன் என்ற கடைசிக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். டிஃபன்ஸ் பயிற்சியாளர் டிக் லெபோவின் திட்டப்படி ஹாரிசன் குவார்ட்டர்பேக் மீது பாய வேண்டும். பாய்வதுபோல் ஓர் அடி வைக்கிறார், பின்வாங்குகிறார். பந்து சட்டென்று குறுக்கே வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அரிசோனா குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர், தன் அணியின் போல்டினுக்காக எறிந்த பந்து நேரே இவர் கையில். பாடம் ஏறவில்லை என்று விரட்டப்பட்டவர், சொன்னதைச் செய்யாமல் விட்ட இடம் இது.

அப்புறம் ஓட்டம். நூறு யார்டு, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. வேகம் ஒன்றுமில்லை, சரக்கு ரயில் மாதிரிதான் போகிறார். சக ஆட்கள் ஒவ்வொருவராக வழியை அடைத்தவர்களைத் தள்ளிவிடுகிறார்கள். துரத்திய அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, கோட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்து நின்ற தன் அணிக்காரர் ஆன்ட்ரெல் ரோல் மீதே மோதுகிறார். அந்த ஒரு தடங்கல்! அதன் பிறகும் கடைசி யார்டில் எட்டிப் பிடித்துவிட்டார். ஆனால் ஹாரிசன் விழுந்தது எண்ட் ஸோனுக்குள். கடிகாரத்தில் பூஜ்யம். மல்லாந்து கிடக்கிறார், மார்பு மட்டும் ஏறி இறங்குகிறது.

27–23 என்று வென்றார்கள். ஆட்ட நாயகன் விருது, கடைசி 35 நொடி இருக்கையில் டச்டவுன் பிடித்த சான்டோனியோ ஹோம்ஸுக்குப் போனது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் ஹாரிசன், கீழே கிடந்த அரிசோனாவின் ஆரன் ஃபிரான்சிஸ்கோவை அடித்ததையும் பார்த்தேன். வெறும் முரட்டுத்தனம்.

பிப்ரவரி 3

2010 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் கிளீவ்லாந்து வீரர்கள் இருவர் இவருடைய மோதலில் தலை கலங்கி வெளியேறினார்கள். 75,000 டாலர் அபராதம், பிறகு குறைத்தார்கள். ஓய்வு பெறப்போவதாகக் கோபித்துக்கொண்டு, மறுநாளே திரும்பினார். அடுத்த ஆண்டு கிளீவ்லாந்து குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயை ஹெல்மெட்டால் மோதியதற்கு ஓர் ஆட்டத் தடை. ரசிகர்கள் பலர் அநியாயம் என்கிறார்கள். மெக்காய் விழுவதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபின் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 4

சின்சினாட்டி அணி, ஓய்வு, சில வாரத்தில் மனமாற்றம், மறுபடி ஸ்டீலர்ஸ். அங்கே சேர்த்த 80.5 சாக், 2023-ல் ஸ்டீலர்ஸின் டி.ஜே. வாட் முந்தும்வரை அணியின் சாதனை. 2017 டிசம்பரில் 39 வயதில் கடைசியாகக் கழற்றிவிடப்பட்டார். மூன்றே நாளில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். அங்கும் சூப்பர் பவுல் வரை போய்த் தோற்றார்கள்.

இன்று பார்த்தது அவர்களுக்காக ஆடிய முதல் ஆட்டம், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக. இரண்டு சாக். எண் அதே 92தான். ஆனால் அந்த நீலச் சட்டையில், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் துணியில் வந்தவர் மாதிரி இருந்தார்.