96லிருந்து 210

வீட்டில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் பார்த்தபோது இரண்டாவது கோடு மங்கலாகத்தான் விழுந்தது. மறுநாள் காலையில், யாங்கூனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனான பீட்டா ஹெச்சிஜி 96 என்று வந்தது. தாளை நீட்டிய பெண், "ஐந்து வாரத்துக்கு இது ரொம்பக் குறைவு, நிற்குமா தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அக்காவுக்கு அதே ஐந்து வாரத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. அதை நினைத்து நினைத்து அன்று சோறே இறங்கவில்லை.

சாயங்காலம் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். பர்மியப் பெண்மணி, சயாமா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்டது, "மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்?" 34 நாள் என்றேன். அப்படியானால் கருமுட்டை வெளியானதே மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளித்தான், நாள்காட்டியில் ஐந்து வாரம் என்றாலும் கருவுக்கு அவ்வளவு வயதில்லை என்றார். தொடக்கத்தில் இந்த ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும். அதனால் ஒரு வாரம் முன்பின் ஆனாலே எண் பல மடங்கு மாறிவிடும். ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, 48 மணி நேரம் கழித்து அதே கூடத்தில் மறுபடி எடு, பாதியளவாவது கூடியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என் கணக்குக்கு 144.

அந்த இரண்டு நாள் நீண்ட நீளம்! அத்தை அனோரட்டா வீதிக் காளி கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் கரண்ட் கட், கூடத்தில் மெஷின் ஓடவில்லை. மாலை ஏழு மணிக்குத்தான் தாள் கைக்கு வந்தது. 210. வீட்டுக்காரர் அந்தத் தாளை மூன்று முறை வாங்கிப் பார்த்தார்.

இந்த ஹெச்சிஜி ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்புறம்தான் புரிந்தது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசு உண்டாகிறது. கர்ப்பப்பையின் உள்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டிரானைச் சுரப்பது அதுதான். கரு அனுப்பும் ஹெச்சிஜிதான் அதை வாடவிடாமல் வைத்திருக்கிறது. எட்டு, பத்து வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சமயத்தில்தான் ஹெச்சிஜி உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்குகிறது.

ஸ்கேனில் துடிப்பைப் பார்த்த வாரம் வாந்தி பிடித்துக்கொண்டது. தெருவில் யார் வீட்டில் ஙப்பி என்ற மீன் விழுது வதக்கினாலும் எனக்குக் குமட்டும். ஆசையாகத் தின்ற மொயிங்காவை, அந்த மீன்குழம்பு நூடுல்ஸை, பார்க்கவே முடியவில்லை. பதின்மூன்றாம் வாரம் ஒருநாள் எழுந்தால் குமட்டல் அறவே இல்லை. மறுபடி பயந்துபோய் ஓடினேன். ஹெச்சிஜி இறங்கும் காலம், பலருக்கு இந்த நேரத்தில்தான் வாந்தி விடும் என்று சொல்லி சயாமா குழந்தையின் துடிப்பைக் கேட்கவைத்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறாம் மாதம் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். சர்க்கரை சரியாகவே இருந்தது. ஆனால் கன்னத்தில் இரண்டு பக்கமும் பழுப்புத் திட்டு படர்ந்தது. அதுவும் ஹார்மோன்தான், வெயில் பட்டால் இன்னும் கருக்கும் என்றார்கள். அத்தை தினமும் கல்லில் தனக்கா மரப்பட்டையை அரைத்து, விரலால் வட்டமாகப் பூசிவிடுவார். திட்டு போகவில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சியும் வாசமும் எனக்கு வேண்டியிருந்தது.

பிரசவமான மூன்றாம் நாள், காரணமே இல்லாமல் அழுகை அழுகையாக வந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதுவரை ஏறியிருந்த புரோஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் சட்டென்று விழுந்துவிடுகின்றன. அந்த இறக்கத்தில்தான் பால் சுரப்பே கூடுகிறது. இந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே வந்துவிடு என்று சயாமா முன்பே சொல்லியிருந்தார். அத்தைக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. "பால் இறங்குற நேரம்மா, அழுகை வந்தா அழு, அடக்காதே" என்று சொல்லி, பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்னார்.