செம்பருத்தியா, போகன்வில்லாவா? முதலில் உங்கள் தண்ணீர்க் கையைப் பாருங்கள்

வீட்டில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அங்கே செம்பருத்தி வைக்கலாமா போகன்வில்லா வைக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எது அழகு, எது சுவருக்குப் பொருந்தும், எது போட்டோவில் நன்றாக விழும், இப்படி. எனக்கு அதெல்லாம் அப்புறம். நீங்கள் தினமும் காலையில் தண்ணீரோடு செடிப் பக்கம் போகிறவரா, ஞாபகம் வரும்போது மொத்தமாக ஊற்றிவிட்டு வருகிறவரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டு செடிகளும் வெயிலைத் தவிர கிட்டத்தட்ட எதிலும் ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றின் பூவையே நிறுத்திவிடும்.

போகன்வில்லாவில் ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பூ என்று நாம் சொல்கிற அந்த மூன்று வண்ண இதழ்களும் உண்மையில் இதழ்களே இல்லை, நிறம் ஏறிய இலைகள். பூவடிச்செதில் என்பார்கள். இலையில் இருப்பதைப் போலவே நடுவில் ஒரு நரம்பும் அதிலிருந்து பிரியும் சின்னச் சின்ன நரம்புகளும் தெரியும். ஒவ்வொரு செதிலின் உள்பக்கத்திலும் அந்த நடுநரம்போடு ஒட்டிக்கொண்டு மெல்லிய குழல் ஒன்று நிற்கும், அதன் நுனி வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விரிந்திருக்கும். அதுதான் பூ. மூன்று குழல்களும் ஒரே நேரத்தில் விரிவதில்லை, ஒன்று வாட ஆரம்பித்த பிறகும் பக்கத்தில் இருப்பது மூடியே இருக்கும். பூ வாடினாலும் செதில் வாடுவதில்லை என்பதால்தான் இந்தச் செடியின் நிறம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது, உதிர்ந்த பிறகும் காய்ந்த செதில் உருக்குலையாமல் கிடக்கிறது. காகிதப்பூ என்கிற பேரும் அதனால்தான் பொருந்திப் போகிறது.

செம்பருத்தி நேர் எதிர். பெரும்பாலான வகைகளில் ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். முறுக்கிச் சுருட்டிய மொட்டு காலையில் முறுக்கு அவிழ்ந்து விரியும், மறுநாள் பார்த்தால் திரும்பவும் சுருண்டு ஈரமாகத் தொங்கும், தொட்டால் விழுந்துவிடும். புது ரகங்கள் சில இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு புதுக் கிளை வளர வளர ஒவ்வொரு இலைக் கணுவிலும் ஒரு மொட்டு வைக்கும் என்பதால், செடி ஆரோக்கியமாக இருந்தால் இன்று உதிர்ந்ததற்கு நாளைக்கு வேறொன்று தயாராக இருக்கும். இந்தப் பூவின் கட்டமைப்பும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒற்றைச் செம்பருத்தியில் 5 இதழ்கள், நடுவிலிருந்து நீளமாக ஒரு குழல், அந்தக் குழலின் பக்கவாட்டில் மகரந்தப் பைகள், எல்லாவற்றையும் தாண்டி நுனியில் 5 சூல்முடிகள் சின்னப் பொட்டுகளாக. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தக் கேசரங்களே இதழ்களாக மாறி நடுவை நிரப்பிவிடுவதால் இந்த ஒழுங்கு மறைந்துபோகும். அதனாலேயே எனக்கு ஒற்றைதான் இஷ்டம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பிரச்சினையும் இங்கேதான். போகன்வில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போகன்வில் உலகைச் சுற்றிய பயணத்தில் 1767ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது, உடன் வந்த தாவரவியலாளர் கொமர்சோன் இதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் அதே பயணத்தில் இருந்த ஜான் பரேதான் பிறகு உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று பேர் பெற்றார், ஆனால் செடிக்கு வாய்த்தது கப்பல் தலைவரின் பேர். மண் காயும் காலத்தைத் தாங்கிப் பழகிய செடி இது. தண்ணீர் குறைந்தால் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூக்கிறது, தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையும் முள்ளும் நீண்ட பச்சைக் கொடியுமாக ஓடுகிறது. "நல்லா செழிப்பா இருக்கு, ஆனா பூவே இல்ல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்றுகிறீர்கள் என்றுதான். தொட்டியில் இருந்தால் மேல்மண் நன்றாகக் காயட்டும், தளிர் இலைகள் லேசாகத் தொய்ய ஆரம்பிக்கட்டும், அப்போது தொட்டியின் அடித்துளை வழியே வெளியே வரும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள், மறுபடியும் காயும் வரை விட்டுவிடுங்கள். நிறம் வந்த பிறகு மட்டும் ஒரேயடியாகக் காயப் போடாதீர்கள், செதில் உதிர்ந்துவிடும்.

இதே வைத்தியத்தைச் செம்பருத்திக்குச் செய்தால் மொட்டெல்லாம் விரிவதற்கு முன்பே மஞ்சளாகி விழும். அதற்கு மண்ணில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. காய்ந்து கிடந்துவிட்டு ஒரே நாளில் குளிக்க வைப்பது அதற்குச் சுத்தமாக ஆகாது. தொட்டிச் செடி என்றால் கடும் வெயில் காலத்தில் தினமும், சில சமயம் இரண்டு வேளையும் பார்க்க வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீரும் சுண்ணாம்புச் சத்து அதிகமான மண்ணும் இருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை வரும்: புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நரம்புகளுக்கு நடுவே வெளுத்துப்போகும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாமல் தவிப்பதன் அடையாளம் அது. நிறைய மக்கிய உரம் சேர்த்து மண்ணைக் கொஞ்சம் அமிலப் பக்கம் கொண்டு வந்தால் சரியாகும், அவசரமாக இருந்தால் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும் இரும்புச் சத்து உரத்தைக் கொடுக்கலாம்.

வெயில் விஷயத்தில் இரண்டுக்கும் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் நல்லது. வித்தியாசம் என்னவென்றால், அரை நிழலில் செம்பருத்தி குறைவாகவாவது பூக்கும், போகன்வில்லா கொடி மட்டும் விடும். ஆகவே உங்கள் இடம் பாதி நாள் நிழல் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, செம்பருத்திதான்.

உரத்திலும் அதே கதை. செம்பருத்தி நன்றாகச் சாப்பிடும் செடி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும், சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், தாராளமாக இருக்கட்டும். போகன்வில்லாவுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகமானால் பூ போச்சு. கவாத்து இரண்டுக்கும் வேண்டும், ஏனென்றால் இரண்டுமே புதுக் கிளையில்தான் பூக்கும். போகன்வில்லாவை ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், அடுத்த சுற்றுக்குப் பக்கக் கிளைகள் வரும். செம்பருத்தியை ஒரேயடியாக மொட்டையடிக்காமல் சில கிளைகளை இப்போது, சிலவற்றைக் கொஞ்ச நாள் கழித்து என்று பிரித்து வெட்டினால் பூ இல்லாத காலமே இருக்காது.

பூச்சி பற்றிச் சொல்லாமல் செம்பருத்தியை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. மாவுப்பூச்சி இந்தச் செடியை விடுவதே இல்லை. தளிர் நுனி சுருங்கி முடிச்சுப் போட்டது மாதிரி ஆகும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளையாக மெழுகு படிந்திருக்கும், அதை நகத்தால் சுரண்டினால் உள்ளே சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் மெதுவாக நகரும் உடம்பு தெரியும். அதற்கும் முன்னாலேயே ஒரு எச்சரிக்கை கிடைக்கும், தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கும். மாவுப்பூச்சியும் அசுவினியும் வெளியேற்றும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது, பதிலுக்கு அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளை விரட்டிவிடுகிறது. எனவே எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை மட்டும் விரட்டுவது வீண் வேலை. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் வேகமான தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மிச்சத்துக்குச் சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். ரொம்ப முற்றிய நுனிகளை வெட்டி, கட்டி, தோட்டத்துக்கு வெளியே போட்டுவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தினமும் செடியைத் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் செடி மிஞ்சாது.

போகன்வில்லாவுக்குப் பூச்சித் தொல்லை ரொம்பக் குறைவு. அதன் பலவீனம் வேரில் இருக்கிறது. மெல்லிய, சட்டென்று அறுந்துபோகும் வேர். வாங்கி வந்த பையிலிருந்து உருவி எடுத்து மண்ணை உதறி நட்டால் பல செடிகள் அங்கேயே படுத்துவிடும். பையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே குழிக்குள் இறக்க வேண்டும். அடிக்கடி தொட்டி மாற்றவும் கூடாது, வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும்.

முள்ளை மறக்க வேண்டாம். போகன்வில்லா பற்றிப் பிடிக்கச் சுருள்கம்பி எதுவும் இல்லாத ஏறுகொடி, முள்ளை மாட்டிக்கொண்டுதான் மற்ற செடிகள் மேல் சாய்ந்து ஏறுகிறது, இடம் கொடுத்தால் 10 மீட்டருக்கும் மேல் போகும். சிலருக்கு முள் கீறினால் தோல் தடித்து அரிக்கும். குழந்தைகள் ஓடும் நடைபாதை ஓரத்திலும் துணி காயும் கொடிக்குப் பக்கத்திலும் இதை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். செம்பருத்தியில் முள் கிடையாது, வரிசையாக நட்டு வெட்டிவிட்டால் அழகான வேலியாகும், சிவப்பு ஒற்றைப் பூவுக்குத் தேன்சிட்டு தேடிக்கொண்டு வரும்.

தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணை நிறைக்கிற நிறம் வேண்டும், ஊருக்குப் போனால் பத்து நாள் செடியை யாரும் பார்க்க மாட்டார்கள், மொட்டைமாடியில் வெயில் கொளுத்துகிறது என்றால் போகன்வில்லா. தண்ணீர் ஊற்றுவதே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் தயவுசெய்து செம்பருத்தி வையுங்கள், அந்த அன்பைப் போகன்வில்லாவால் தாங்க முடியாது. ஒன்றே ஒன்று என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் செம்பருத்தி என்றுதான் சொல்வேன். தினமும் போய்ப் பார்க்க ஒரு காரணம் கொடுக்கிற செடி எனக்கு வேண்டும்.

இரண்டுக்கும் இடம் இருந்தால் ஒரே பாத்தியில் மட்டும் வைக்காதீர்கள், ஒரே சொட்டுநீர்க் குழாயிலும் இணைக்காதீர்கள். செம்பருத்தி குழாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும், போகன்வில்லா தோட்டத்தின் கடைக்கோடியில் சுவரோரம் போகட்டும். வாங்கும்போது செம்பருத்தியின் இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தையும் தளிர் நுனியையும் நன்றாகப் பார்த்துவிட்டு எடுங்கள், போகன்வில்லாவை நிறத்தோடு இருக்கும்போதே வாங்குங்கள். நட்ட கையோடு செதில்களைக் கொட்டிவிட்டுச் சில வாரங்கள் சும்மா நிற்கும், அதற்காகப் பயந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள்.