வணிகத் தரவுத்தளம் வாங்குமுன்: வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் சோதித்துப் பார்த்த விதம்

எம்.பி.ஏ., எம்.காம். மாணவர்களுக்காக ஒரு வணிகத் தரவுத்தளம் (வணிக இதழ்க் கட்டுரைகளோ நிறுவனத் தரவோ தரும் சந்தாத் தளம்) வாங்கலாம் என்று பேச்சு எழுந்தாலே முதலில் மேசைக்கு வருவது இதழ் எண்ணிக்கைதான். இத்தனை ஆயிரம் இதழ்கள், இத்தனை ஆயிரம் நிறுவனங்கள் என்பார்கள். அந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டுத்தான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். இந்தப் பக்கத்து மாணவர்கள் புராஜெக்ட் செய்வது ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் வாணியம்பாடி டேனரிகளிலும் ராணிப்பேட்டை சிப்காட் ஆலைகளிலும்தான். அவர்கள் கேட்கும் கேள்விக்குத் தரவுத்தளம் என்ன தருகிறது என்பதே எங்கள் அளவுகோல்.

ஏற்கெனவே கையில் இருப்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அரசுக் கல்லூரி என்றால் சேஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், வைலி இதழ்களுக்காக இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியதில்லை. சுயநிதிக் கல்லூரி என்றால் கணக்கே வேறு. என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டம்), டெல்நெட் (நூலகங்களின் பகிர்வு வலையமைப்பு) ஆகியவற்றில் உறுப்பினர் நிலையைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

இலவசச் சோதனைக்காலம் பெரும்பாலும் ஒரு மாதம். விற்பவர் சொல்லும் மாதத்தில் அதை வாங்கக் கூடாது. நான்காம் செமஸ்டரில், மாணவர்கள் புராஜெக்ட்டுக்குக் கட்டுரை தேடி அலையும் நேரத்தில் கேளுங்கள். போட்டியிடும் இரண்டு தளங்களையும் ஒரே மாதத்தில் திறந்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

சோதனைக்கான மூலப்பொருள் நூலக அலமாரியிலேயே இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளின் புராஜெக்ட் அறிக்கைகளை எடுத்து, கடைசிப் பக்கங்களில் உள்ள மேற்கோள் பட்டியல்களிலிருந்து 100 கட்டுரைகளைப் பொறுக்கி எக்செல்லில் இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு விடை: முழுக் கட்டுரை உண்டு, சுருக்கம் மட்டும், தடைக்காலத்தில் உள்ளது (இதழ் வெளியாகிச் சில மாதங்கள் கழித்தே தளத்தில் முழு உரை வரும்), இல்லவே இல்லை. விளம்பரத்தில் இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்து ‘உள்ளடக்கம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். தடைக்காலம் 12 மாதமோ 18 மாதமோ இருந்தால், மாணவருக்கு வேண்டிய புதிய கட்டுரைதான் கிடைக்காமல் போகும். நின்றுபோன இதழ்களும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். இதழ்ப் பட்டியலை கேபார்ட் கோப்பாக (KBART, இதழ்ப் பட்டியலுக்கான பொது வடிவம்) கேட்டு வாங்கி, முழு உரை தொடங்கும் ஆண்டு, முடியும் ஆண்டு ஆகிய நெடுவரிசைகளைப் பார்த்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பேராசிரியர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தரவுத்தளம் விற்கும் நிறுவனங்களில் எப்ஸ்கோவின் பிசினஸ் சோர்ஸ் கம்ப்ளீட்டில் 1922 முதல் முழு உரை உண்டு; புரோகுவெஸ்ட்டின் ஏபிஐ இன்ஃபார்மில் முழு உரை கிடையாது. எப்ஸ்கோ வழியே வந்தாலும் தனிப்பட்ட வாசிப்புக்குத்தான் அனுமதி. வகுப்புப் பாடப்பொருளாகத் தரவோ கல்லூரி இணையப் பாடப்பக்கத்தில் இணைப்பு கொடுக்கவோ தனி உரிமம் வேண்டும். ஹார்வர்ட் கேஸ் ஸ்டடிகள் இதில் சேர்த்தியில்லை, அவை தனி விற்பனை. துறைத் தலைவரிடம் இதை முன்கூட்டியே தெளிவாக்கிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

தேடல் சோதனைக்கு உள்ளூர்ப் பெயர்களே போதும். வாணியம்பாடியை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஆம்பூரையும் அப்படியே. பழைய கட்டுரைகளில் வேலூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் சிக்காது, வட ஆற்காடு என்று போட வேண்டும். 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது. 2019க்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ‘அல்லது’ (OR) போட்டு எல்லா வடிவங்களையும் கோக்க முடிகிறதா, துறைச்சொல் பட்டியலில் தோல், பதனிடுதல், காலணி மூன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாலாற்று மாசு தொடர்பாக 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் குடிமக்கள் நலச் சங்கத் தீர்ப்பைத் தேடுவது நல்ல உரைகல். அதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தளம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே காட்டினால், இந்தியப் பொருளில் அதன் கை மெலிந்தது என்று அர்த்தம்.

நிறுவனத் தரவு வேறு உலகம். சிஎம்ஐஇ-யின் புரோவெஸ், கேபிடாலைன் போன்றவை இந்திய நிறுவனங்களுக்கானவை. வெளிநாட்டுக் கட்டுரைத் தளம் இந்த இடத்தை நிரப்பாது. திருமலை கெமிக்கல்ஸை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஆலை ராணிப்பேட்டையில், பதிவு அலுவலகம் மும்பையில். ஊர் பெயரை வைத்து வடிகட்டினால் வருகிறதா? தனி நிறுவனக் கணக்கும் துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கும் வேறு வேறு. தளம் எதைக் காட்டுகிறது என்று ஆண்டறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஐந்து எண்களைச் சரிபாருங்கள். கோடியா மில்லியனா என்பதையும் பாருங்கள். 2016-17 முதல் படிப்படியாக இந்தியக் கணக்கியல் தரநிலை மாறியது. 2017 ஜூலையில் கலால் வரி போய் ஜிஎஸ்டி வந்தது. பத்தாண்டு விற்பனை வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு முறிவு தெரியும். அதற்கு அடிக்குறிப்பு தரும் தளத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலை ஒரு நிறுவனத்தின் பிரிவுதான். அதற்கென்று தனி இருப்புநிலைக் குறிப்பைத் தேட வேண்டாம். டேனரிகளில் பல கூட்டாண்மை நிறுவனங்கள் என்பதால் எந்தத் தளத்திலும் அகப்படாது. தோல் ஏற்றுமதி எண்கள் வேண்டுமென்றால் வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கி இலவசம். சரக்குகளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் 41 தோல், 42 தோல் பொருள்கள், 64 காலணி. 6403 தோல் மேற்பாகமுள்ள காலணி. இதற்காகப் பணம் செலவழிப்பது வீண்.

நுழைவுச் சிக்கலில்தான் பாதிச் சோதனைக்காலம் வீணாகிறது. தளம் கல்லூரியின் ஐ.பி. முகவரியைப் பார்த்தே உள்ளே விடும். உள்ளூர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கானோர் பகிர்கிறார்கள், அது மாறிக்கொண்டும் இருக்கும். நிலையான ஐ.பி. வாங்கி, அதை எழுத்தில் கொடுத்த பிறகே சோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள். விடுதியிலிருந்தும் பேருந்தில் போகும்போது கைபேசியிலிருந்தும் திறக்கிறதா என்றும் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே திறக்காத தளத்தால் பயனில்லை.

விலைப்பட்டியல் டாலரில் வந்தால், எந்த நாளின் மாற்று விகிதம், வரி சேர்ந்ததா, அடுத்த ஆண்டு எத்தனை சதவீதத்துக்கு மேல் உயர்த்தமாட்டார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். கட்டுரைத் தொகுப்புத் தளங்கள் வாடகை வீடு மாதிரி, சந்தா நின்றால் பழைய இதழ்களும் போய்விடும். ஒரே நேரத்தில் எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு பதிவிறக்கம் என்ற வரம்பை உரிமத்தில் தேடுங்கள். நிறுவனத் தரவுத் தளங்களில் இது இறுக்கமாக இருக்கும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் நுழைந்தால் யாராவது வெளியே நிற்க வேண்டி வரும்.

பயன்பாட்டுக் கணக்கை கவுண்டர் (COUNTER, மின்வளப் பயன்பாட்டை எண்ணும் பொதுத் தரநிலை) ரிலீஸ் 5.1 வடிவில் கேளுங்கள். தேடல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், தானியங்கித் தேடல்கள் அதை ஊதிப் பெரிதாக்கும். ‘யுனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ்’ (ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை எத்தனை முறை திறந்தாலும் ஒன்றாகவே எண்ணுவது) என்ற எண்ணால் ஆண்டுச் சந்தாவை வகுத்தால் ஒரு கட்டுரைக்கு என்ன விலை என்று வரும். உரிமம் இல்லாததால் திருப்பியனுப்பப்பட்ட கோரிக்கைகளும் அதே அறிக்கைத் தொகுப்பில் உண்டு. அடுத்த ஆண்டு எந்த இதழைத் தனியாகக் கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஒப்பந்தத்தில் தானாகப் புதுப்பிக்கும் விதி இருக்கிறதா, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைப் பார்த்து, அந்தத் தேதியை நூலக நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.