மறையூரா, சித்தூரா? ஓணம் விடுமுறைக்கு முன் சில நாட்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சென்னையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். ஓணத்தை ஒட்டிக் குடும்பத்தோடு வருகிறார்களாம், மூன்று நாள் இருப்பார்களாம். "கோயில், அருவி எல்லாம் போதும் கண்ணு. நல்லா சாப்பிடற மாதிரி ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பொள்ளாச்சியில் இருப்பவளுக்கு இதற்கு இரண்டு திசை உண்டு. உடுமலை போய் மலையேறினால் மறையூர், காந்தளூர். கோபாலபுரம் தாண்டி மேற்கே போனால் சித்தூர், கொல்லங்கோடு. இரண்டும் கேரளம்தான், இரண்டிலும் தமிழ் பேசியே காரியம் நடந்துவிடும். ஆனால் மேலே குளிரும் கரும்பும் ஆப்பிளும். கீழே வயலும் பனையும் கள்ளும். அவர்கள் வருவதற்குள் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இவர் சொன்னார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

சின்னாறு சோதனைச்சாவடி வரை வெறும் முள்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. அதைத் தாண்டி ஏறினால் சந்தனக் காடு, வேலிக்கு உள்ளே. மறையூர் வந்ததும் கண்ணுக்கு எட்டியவரை கரும்பு.

ஒரு வெல்ல ஆலையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். காய்ந்த கரும்புச் சக்கையைத்தான் அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க, சுண்ணாம்பு போட்டு, மேலே வரும் அழுக்கு நுரையை வழித்துக்கொண்டே இருந்தார் ஒருவர். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறினார்கள். கை பொறுக்கும் சூடு வந்த நொடியில் நாலு பேர் உட்கார்ந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. அங்கிருந்த பெரியவர் தொட்டி ஓரத்தில் ஒட்டிய பாகைக் கரும்புத் துண்டில் சுருட்டிக் கொடுத்தார். துளி உப்புக் கரிப்பு இல்லை. 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாகைத் தின்றவர்கள் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காந்தளூரில் தங்கினோம். தோட்டத்து ஆப்பிள் சின்னது, புளிப்பு தூக்கல், எனக்குப் பிடித்தது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரு பல்லை நசுக்கினால் வாசம் கையை விட்டுப் போகவில்லை.

ஆனால் ராத்திரி சாப்பாடு? தங்கிய இடத்தில் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் வைத்தார்கள். "இந்த ஊர்ப் பூண்டு போட்டு ஒரு குழம்பு கிடைக்குமா?" என்று கேட்டேன். சமையல்காரர் சங்கடமாகச் சிரித்தார். வாசலில் இவ்வளவு விளைகிறது, அடுப்புக்கு வரவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பி, கொழிஞ்சாம்பாறை வழியாக ராமசேரி. எலப்புள்ளி பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இட்லி சுடுகிறார்கள். மண்பானை வாயில் நூல் வலை, அதன்மேல் துணி, துணியில் மாவு, மேலே இன்னொரு பானை கவிழ்த்து மூடி. விறகு அடுப்பு. எடுக்கும்போது தோசை அளவுக்குத் தட்டையாக, துணியின் நெசவு முதுகில் பதிந்து வருகிறது. "சூட்டோட பொடி தொட்டுச் சாப்பிடுங்க, சாம்பார் அப்புறம்" என்றார் அடுப்படியில் இருந்த அக்கா. பொடியில் தேங்காய் எண்ணெய். நான் நாலு சாப்பிட்டேன்.

அங்கிருந்து சித்தூர். தென்னந்தோப்பில் காலைக் கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாளையைத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். காலையில் இறக்கியதில் இனிப்பு நிற்கும். நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறிவிடும். கடையில் குடும்பத்தோடு உட்காரத் தனி அறை இருந்தது. இவர் ஒரு குப்பி வாங்கினார், நான் ஒரு வாய் பார்த்தேன். இளநீரில் புளித்த மாவின் வாசம் கலந்தது போல இருந்தது. கப்பைக்கிழங்கும் குடம்புளி போட்ட மீன்கறியும் அபாரம், ஆனால் அண்ணன் பிள்ளைகளுக்கு அந்தக் காரம் ஆகாது.

மதியம் கொல்லங்கோட்டில், வயல் ஓரத்து மெஸ்ஸில், மட்ட அரிசிச் சோறு, புளிசேரி, பயறு மெழுக்குபுரட்டி. சிவந்த பருக்கை ஒவ்வொன்றும் பல்லில் நின்று பேசியது. பின்னால் நெல்லியாம்பதி மலை, முன்னால் பச்சை வயல். இரண்டாவது முறையும் சோறு வாங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். "எண்பத்தாறு வரைக்கும் நம்ம பக்கத் தோப்புலயும் கலயம் தொங்குச்சு" என்றார். 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. "மீன்கறி எப்படி இருந்தது?" என்று மூன்று முறை கேட்டார். அவரையும் கூட்டிப் போக வேண்டும். மலைப்பாதை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, சித்தூர் என்றால் முக்கால் மணி நேரம்.

ஆகஸ்ட் 20, புதன்

முடிவு செய்துவிட்டேன், சித்தூர்ப் பக்கம்தான். மலையில் அருமையாக விளைகிறது, ஆனால் ஊரார் சமைத்ததை ஊரார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சுகம் கீழேதான் இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடத்தானே வருகிறார்கள்.

அந்தச் சூட்டுப் பாகை மட்டும் அண்ணன் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாதது வருத்தமாக இருக்கிறது. வாங்கி வந்த வெல்லத்தில் மூன்று உருண்டை மிச்சம் இருக்கிறது. விரல் தடம் தெரிகிற உருண்டைகளாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தேன். ராமசேரி அக்காவுக்கு நாளைக்குப் போன் செய்து எட்டுப் பேர் என்று சொல்ல வேண்டும்.