அப்பாவின் காதில் விழுந்த பாரி

மிச்சிகனில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது திங்கட்கிழமைக் காலை.

2011 ஜனவரியில் வந்தேன். கோயம்புத்தூரில் ஏழு ஆண்டுகள் கார் பிரேக் வரைந்துகொண்டிருந்தவனை, அதே வேலைக்காக டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராய் நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். குளிருக்குத் தடித்த கோட்டு வாங்கிக்கொண்டேன். வலப்பக்கம் கார் ஓட்ட இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நான்கு பேர் பேசுவதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. சிரிக்கும் இடத்தில் சிரித்துவைத்துவிட்டு, கோப்பையோடு இருக்கைக்குத் திரும்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னைக் கரையேற்றினார். கார் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு பிப்ரவரிக் காலையில் வாசல் பனியை நான் அள்ளிய லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல் வந்தார். “முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு” என்று சொல்லி மண்வாரியை வாங்கிக்கொண்டார். கோட்டுக்கு மேலே, வெளுத்துப்போன நீலச் சட்டை ஒன்றை இழுத்து மாட்டியிருந்தார். முதுகில் 20 என்ற எண். யாருடைய எண் என்று கேட்டேன். மண்வாரி நின்றுவிட்டது. அன்று என் வாசல் சுத்தமாக ஒரு மணி நேரம் ஆனது. அதில் பனிக்குப் போனது பத்து நிமிடம்.

பேரி சாண்டர்ஸ். 1989 முதல் 1998 வரை டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். ஐந்தடி எட்டங்குலம். பத்து ஆண்டுகளில் 15,269 கெஜம் ஓடியவர். உலகத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிலேயே இவர்தான் முதல்வர் என்பது பெரியவரின் கட்சி. அதில் அவர் சமரசத்துக்கு இடமே வைக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். கால் பந்தைத் தொடுவது எப்போதாவதுதான். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. எங்கள் வீட்டில் கெஜம் என்றால் புடவைதான். பாட்டி கட்டியது ஒன்பது கெஜம். அதைவிட ஒரு கெஜம் கூடுதலாக நகர்வதற்கு இருபத்திரண்டு பேர் இப்படி முட்டி மோதி உருள்கிறார்கள் என்று மனைவிக்கு விளக்கினேன். “ஒன்பது கெஜம் கட்டிப் பார்த்தால் தெரியும், அதுதான் கஷ்டம்” என்றாள்.

எனக்கு வழி திறந்தது சடுகுடு மூலமாக. எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். அப்பா இளவயதில் ஊர் அணிக்குப் பாடிப் போனவர். ரன்னிங் பேக்கும் பாடிப் போகிறவன்தான் என்று பிடித்துக்கொண்டதும் பாதி ஆட்டம் புரிந்துவிட்டது. முன்னால் ஐந்து மல்லர்கள் எதிராளியைத் தள்ளி இடுக்கு உண்டாக்குவார்கள். அந்த இடுக்கு மூடிக்கொள்வதற்குள் இவன் நுழைந்துவிட வேண்டும். காலைப் பிடிக்க ஒருவன், இடுப்பைப் பிடிக்க ஒருவன், மேலே விழ இரண்டு பேர். ஒரே வித்தியாசம், இங்கே போனவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்த ஆண்டு நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பெரியவர் வீட்டில் அழைத்தார்கள். அன்றைக்கு லயன்ஸ் ஆடுவது 1934-இல் தொடங்கிய வழக்கம். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் போல, அதைப் பார்க்காமல் இந்த ஊரில் பண்டிகை இல்லை. நாங்கள் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தோம். லயன்ஸ் கிரீன் பேயிடம் 27–15 என்று தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர் தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஐந்து கரண்டிகளை வரிசையாக வைத்தார், அதுதான் முன்வரிசை. எதிரே முள்கரண்டிகள். கரண்டிகளுக்குப் பின்னால் மிளகுத்தூள் குப்பி. அதுதான் பேரி. குப்பி இடப்பக்கம் நகர்ந்தது. மூன்று முள்கரண்டிகள் வழியை அடைத்தன. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து முட்டி ஒரு கெஜமாவது வாங்கியிருப்பார்கள். குப்பி அப்படிச் செய்யாமல் பின்னால் வந்தது. குழம்புக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு இன்னும் பின்னால் வந்தது. ஒரு முள்கரண்டி பாய்ந்து வெறும் மேசைவிரிப்பைக் குத்தியது. குப்பி திடீரென்று வலப்பக்கம் திரும்பி, ரொட்டிக் கூடையை உரசி, வான்கோழித் தட்டின் ஓரமாக ஓடி, எங்கள் எலுமிச்சைச் சாதத்தில் போய் நின்றது. டச்டவுன், எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டியாயிற்று. உடனே பெரியவர் குப்பியைத் தூக்கி என் மனைவியின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். “பேரி இப்படித்தான். குதிக்க மாட்டார், ஆட மாட்டார். பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.” 1997 தேங்க்ஸ்கிவிங்குக்கு பான்டியாக் சில்வர்டோம் அரங்கத்தில் தாமும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அன்று சிகாகோவுக்கு எதிராகப் பேரி ஓடியது 167 கெஜம், மூன்று டச்டவுன். அந்தப் பருவம் முழுவதற்கும் 2,053.

அடுத்த திங்கட்கிழமை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நானாக வாயைத் திறந்தேன். “எல்லாருக்கும் மேலே பேரி சாண்டர்ஸ்தான்” என்றேன். அவ்வளவுதான், காபி ஆறிப்போயிற்று. கிளீவ்லாந்துக்காரர் ஒருவர், சிகாகோவில் வளர்ந்த கணக்குப் பிரிவு அம்மையார் ஒருவர், உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். பத்து மாதமாக என்னிடம் வானிலை மட்டும் பேசியவர்கள் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று சண்டை போடும் திண்ணையில் வளர்ந்தவனுக்கு இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

கிளீவ்லாந்துக்காரருக்கு ஜிம் பிரவுன்தான் தெய்வம். 1957 முதல் 1965 வரை ஒன்பதே பருவங்கள். அதில் எட்டில் ஓட்டத்தில் முதலிடம். ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 118 ஆட்டங்களில் 12,312 கெஜம், அதாவது ஆட்டத்துக்கு 104. முழு வாழ்க்கைக்கும் சராசரியாக நூறைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குப் பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், பிறகு பதினான்கு. இன்றைக்குப் போல அன்று பதினேழு ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர் கேட்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அம்மையாரிடம் மட்டும் வேறொரு கேள்வி இருந்தது. பெண்கள் மேல் கை வைத்ததாகப் பலமுறை குற்றச்சாட்டுக்கு ஆளான மனிதரை எந்த மேடையில் ஏற்றுகிறீர்கள் என்பார். கிளீவ்லாந்துக்காரர் காபியைப் பார்ப்பார். நியாயமான கேள்விதான், ஓட்டத்தைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் நிறுத்துப் பார்க்க எனக்கும் முழுதாகக் கைவரவில்லை.

அம்மையாரின் கட்சி வால்டர் பேட்டன். பதின்மூன்று பருவங்களில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977-இல் காய்ச்சலோடு வந்து மினசோட்டாவுக்கு எதிராக 275 கெஜம் ஓடினார். மொத்தம் 16,726. தனக்குப் பந்து வராத வேளையில் அடுத்தவருக்காக முன்னால் போய் மோதுவார். 1986 ஜனவரியில் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைச் சிகாகோ 46–10 என்று வென்றபோது, அத்தனை காலம் அணியைச் சுமந்த பேட்டனுக்கு ஒரு டச்டவுன் கிடைக்கவில்லை. ‘ஃப்ரிட்ஜ்’ என்று செல்லப்பெயர் வைத்திருந்த குண்டு வீரர் ஒருவருக்குக் கிடைத்தது. அந்த வருத்தம் அம்மையாருக்கு இன்னும் ஆறவில்லை. பேட்டன் 45 வயதில் இறந்துபோனதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

எல்லாரையும்விட அதிகமாக, 18,355 கெஜம் ஓடிய டல்லாஸ் வீரர் எம்மிட் ஸ்மித்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை. டல்லாஸ்காரர் யாரும் இல்லாததுதான் காரணம்.

நான் பொறியாளன். சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லில் அட்டவணை போட்டேன். ஆட்டத்துக்கு எத்தனை கெஜம், ஓர் ஓட்டத்துக்கு எத்தனை கெஜம், எத்தனை பருவம். எப்படிக் கூட்டினாலும் ஜிம் பிரவுன் மேலே வந்து நின்றார்: ஓட்டத்துக்கு 5.2. பேரி 5.0, பேட்டன் 4.4, எம்மிட் 4.2. அச்சடித்து எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “இதில் எந்தக் கட்டத்தில் அவர் பின்னால் ஓடியது இருக்கிறது?” என்று கேட்டார்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. பின்பக்கமாக ஓடிப் பிடிபட்டே ஆயிரம் கெஜத்துக்கு மேல் இழந்தவர் பேரி. 1994-இன் கடைசி நாளில் கிரீன் பேயில் பதின்மூன்று முறை பந்தை வாங்கி ஓடியதன் மொத்தக் கணக்கு கழித்தல் ஒன்று. ஆனால் அதே கால்கள்தான், மூன்று கெஜம் பின்னால் வந்த பிறகு அறுபது கெஜம் போனவையும். பிரேக் வரைகிறவனுக்கு இப்படிப்பட்ட நம்பகமின்மை பிடிக்காது. பார்வையாளனுக்கு அதைத் தவிர வேறெதுவும் பிடிக்காது.

பெரியவர் பேச விரும்பாதது ஒன்றே ஒன்று, 1999 ஜூலை. அன்றைக்கு முதலிடத்தில் இருந்த பேட்டனின் சாதனையை எட்ட இன்னும் 1,457 கெஜம்தான் பாக்கி. உடம்பில் காயம் எதுவும் இல்லை. பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் பேரி ஓய்வு பெற்றுவிட்டார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் மனம் விட்டுப்போனதாகப் பிறகு தெரியவந்தது. பத்து ஆண்டுகளில் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் அவர் கண்டது ஒரே ஒரு வெற்றி, 1992 ஜனவரியில். “ஒரு ஃபேக்ஸ்” என்பார் பெரியவர், விரலை ஒன்றாக நிமிர்த்திக் காட்டி. “அதுவும் எங்களுக்கு இல்லை.” நான் வாயே திறப்பதில்லை. இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். இல்லை என்று ஆனதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில்தான் தெரிவித்தேன்.

அப்பா 2017 ஜூலையில் ஆறு மாத விசாவில் வந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. பெரியவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி உண்டு. அதுவே நட்புக்குப் போதுமாக இருந்தது. மாலை நேரங்களில் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் வாய் ஓயாமல் பேசுவார். முதல் நாளே அப்பா என்னிடம் கேட்டார்: “தம்பி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்?”

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை சில்வர்டோமை வெடிவைத்துத் தகர்ப்பதாக அறிவித்திருந்தார்கள். லயன்ஸ் அங்கிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. துணிக் கூரை கிழிந்து, உள்ளே புல் மண்டிக் கிடந்தது. பெரியவர் அந்த நீலச் சட்டையைக் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு, அதிகாலையிலேயே எங்கள் கதவைத் தட்டிவிட்டார். மூவரும் போய்த் தூரத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம். வெடித்தது. வரிசையாகப் புகை எழும்பியது. கூட்டம் கூச்சல் போட்டது. புகை விலகியதும் பார்த்தால் அரங்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு நொடி யாருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். மறுநாள் இன்னொரு முறை வெடித்துத்தான் சாய்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஃபில்டர் காபி போட்டுக்கொடுத்தேன். தொலைக்காட்சியில் யூடியூபைத் திறந்து, பழைய ஓட்டங்களைப் பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பேரியைக் கண்டதும் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “இவன் நல்லாப் பாடிப் போகிறவன். இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எங்கே பிடிப்பது?” நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் முகம் மலர்ந்தது. பேட்டன் வந்தார், அப்பா தலையசைத்தார். பிறகு கறுப்பு வெள்ளையில் ஜிம் பிரவுன். மூன்று பேர் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு நடந்தார். கீழே தள்ளினார்கள். அறுபது வயதுக்காரரைப் போல மெதுவாக எழுந்தார், மெதுவாக நடந்து தன் ஆட்களிடம் போனார். அடுத்த ஓட்டத்தில் மறுபடியும் இடித்துக்கொண்டு போனார். மறுபடியும் அதே மாதிரி மெதுவாக எழுந்தார்.

“நிறுத்து, இன்னொரு தடவை போடு” என்றார் அப்பா. போட்டேன்.

“எப்போதுமே இப்படித்தான் எழுந்திருப்பானா?”

ஆமாம் என்றேன். உண்மையிலேயே வலிக்கிறதா இல்லையா என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே அப்படி எழுந்திருப்பவர் ஜிம் பிரவுன்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “இவன்தான் பெரிய ஆட்டக்காரன். பாரி இரண்டாவது.”

பெரியவர் என்னைப் பார்த்தார். ‘பாரி’ என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. ஏழு வருடமாக எனக்குப் பனி அள்ளக் கற்றுக்கொடுத்தவர். காலையில்தான் தம்முடைய அரங்கத்தின் சாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேரியின் அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்” என்றார். “ஜிம் பிரவுனுக்குப் பிறகுதான் என் மகன் என்பார்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் அப்பா.