ஜெபல் அலி வழி அடைபட்ட காலம்

தோஹாவில் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, கப்பல் நிறுவனத்திடமிருந்து சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வாங்குவது, அரசு அலுவலகங்களுக்கு அலையும் ஊழியரான மந்தூப்பை கஸ்டம்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு அவர் எப்போது திரும்புவார் என்று காத்திருப்பது ஆகியவையே என் அன்றாடம். வளைகுடா அரசுகள் ஒன்றையொன்று எவ்வளவு நம்புகின்றன என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களைவிட இந்தத் தாள்களில்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

2017-இல் அண்டை நாடுகள் கத்தாருக்கான வழிகளை அடைப்பதற்கு முன்பு, கத்தாருக்கு வரும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பல்களில் தோஹாவுக்கு வரும். பெரிய கப்பல்களைக் கொண்டுவருவதற்குப் பழைய தோஹா துறைமுகத்தில் ஆழமும் இல்லை, தோஹாவுக்கென்று தனியாக ஒரு கப்பலை நிறைக்கும் அளவுக்குச் சரக்கும் இல்லை. பால், தயிர், காய்கறி, கோழி எல்லாம் சவூதி அரேபியாவிலிருந்து சல்வா எல்லை வழியாக லாரிகளில் வந்தன. நாட்டின் உணவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த ஒரே தரைவழியில் வந்துகொண்டிருந்தது. இதை யாரும் சார்பு நிலை என்று நினைக்கவில்லை. குறைந்த செலவில், குறைந்த நாளில் சரக்கு வரும் வழி எதுவோ அதுவே வழி என்பதுதான் எங்கள் தொழிலின் கணக்கு. வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான்.

2014 மார்ச்சில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் மூன்றும் தங்கள் தூதர்களை தோஹாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டன. அந்தப் பிணக்கு முடிய நவம்பர் ஆயிற்று. அத்தனை மாதங்களில் ஒரு கன்டெய்னர்கூட அதனால் தாமதமானதாக எனக்கு நினைவில்லை. ஆகவே 2017 மே மாதக் கடைசியில் கத்தார் செய்தி நிறுவனத்தின் தளத்தில் நாட்டின் ஆட்சியாளரான அமீரின் பேச்சு என்று ஒன்று வெளியாகி, அது இணைய ஊடுருவல்காரர்களின் வேலை என்று அரசு மறுத்து, அண்டை நாட்டு ஊடகங்கள் அந்த மறுப்பை ஏற்காமல் கத்தாரைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம்.

ஜூன் 5 அதிகாலையில் வந்த அறிவிப்பு வேறு வகையானது. முன்சொன்ன மூன்று நாடுகளுடன் எகிப்தும் சேர்ந்து உறவை முறித்துக்கொண்டதோடு தரை, கடல், வான் வழிகளையும் மூடின. ரமலான் மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்று பகலிலேயே பெரிய கடைகளில் பால், அரிசி, கோழி அடுக்குகள் காலியாகத் தொடங்கின. எங்களுக்கு வந்த நெருக்கடி வேறு. கத்தாருக்குப் போகும், கத்தாரிலிருந்து வரும் கப்பல்களை ஏற்பதில்லை என்று அமீரகத் துறைமுகங்களின் சுற்றறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னஞ்சலில் வந்தன. ஜெபல் அலியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட சரக்குதான் சிக்கல். சீனாவிலிருந்து வந்த குளியலறைச் சாமான்கள் நிறைந்த ஒரு கன்டெய்னர் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. இறங்கும் துறைமுகத்தை மாற்ற சி.ஓ.டி. (Change of Destination) கேட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு எழுதினால், பில் ஆஃப் லேடிங்கின் மூன்று அசல்களையும் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். அவையோ தோஹாவில் ஒரு வங்கியின் கையில் இருந்தன. வங்கி அவற்றை விடுவிக்க வேண்டுமானால் இறக்குமதியாளர் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத சரக்குக்கு அவர் எதற்குக் கட்டுவார்? இதற்கிடையே டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு அரசுகளின் முடிவு கடைசியில் கட்டடப் பொருள் விற்கும் ஒரு வியாபாரியின் கணக்கில் பற்றாக வந்து உட்கார்ந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன். கான்கிரீட்டுக்கு வேண்டிய கேப்ரோ என்ற பாறையின் ஜல்லியும் அமீரகத்து மலைகளிலிருந்தே பெருமளவு வந்துகொண்டிருந்ததால், கால்பந்து உலகக் கோப்பைக்கான கட்டுமானங்களை நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

ஆனால் இந்தக் குழப்பம் எதிர்பார்த்த அளவுக்கு நீளவில்லை. 2016 டிசம்பரில் இயங்கத் தொடங்கியிருந்த ஹமத் துறைமுகத்தில் ஆழமும் இடமும் இருந்தன. அந்தத் துறைமுகம் இன்னும் ஓராண்டு தாமதமாகியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம். ஜூன் மாதத்துக்குள்ளேயே ஓமானின் ஸொஹார், ஸலாலா துறைமுகங்கள் வழியாகச் சரக்கு வரத் தொடங்கியது. இந்தியாவின் முந்த்ரா, நவா சேவா துறைமுகங்களிலிருந்து நேரடிச் சேவை தொடங்கியது. துருக்கிப் பாலும் தயிரும் விமானத்தில் வந்து இறங்கின. ஈரான் காய்கறி அனுப்பியதோடு வான்வழியையும் திறந்து வைத்திருந்தது. ஜூலையில் பலத்னா நிறுவனத்துக்காகக் கறவை மாடுகள் விமானத்தில் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் கேலி பேசாதவர் இல்லை. பிறகு அதே பால்தான் எல்லோர் தேநீரிலும் இருந்தது. இந்தியா இதை வளைகுடா நாடுகளின் உள்விவகாரம் என்று சொல்லி, அங்குள்ள இந்தியர்களைப் பற்றி மட்டுமே தனக்கு அக்கறை என்று நிறுத்திக்கொண்டது. இரு பக்கமும் தன் மக்கள் இலட்சக்கணக்கில் வேலை செய்யும்போது அதைவிடப் பொருத்தமாக வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் கணக்குப் பிரிவில் எகிப்தியர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மரியாதையாக உஸ்தாத் என்றுதான் அழைப்போம். சவூதி, அமீரகம், பஹ்ரைன் குடிமக்களை 14 நாட்களுக்குள் கத்தாரை விட்டு வெளியேறும்படி அந்தந்த அரசுகள் சொல்லியிருந்தன. கலப்புத் திருமணம் செய்த குடும்பங்கள் பட்ட பாடு தனி. எகிப்தோ தன் மக்களைத் திரும்பி வரச் சொல்லவில்லை. அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் கெய்ரோவுக்குத் தேவையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. நேரடி விமானம் நின்றுவிட்டதால் அவர் குவைத்துக்கோ மஸ்கட்டுக்கோ போய் அங்கிருந்து கெய்ரோ போக வேண்டியிருந்தது. “உஸ்தாத், உங்கள் அரசு எங்களோடு சண்டையாமே” என்று ஒருமுறை வேடிக்கையாகக் கேட்டேன். “சம்பளத் தேதியில் சமாதானம்தான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தடை நீடித்த மூன்றரை ஆண்டுகளில், எவற்றையெல்லாம் நிறுத்தாமல் விட்டார்கள் என்பதே என் கவனத்தை அதிகம் ஈர்த்தது. கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து அபுதாபியின் தவீலாவுக்குக் கடலடியில் போகும் டால்ஃபின் குழாயில் நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி எரிவாயு போய்க்கொண்டே இருந்தது. அமீரகம் வாங்குவதை நிறுத்தவில்லை, கத்தார் வால்வை மூடவுமில்லை. ஒரு பெட்டி தக்காளியைக் கடக்க விடாத எல்லைக்குக் கீழே, துபாயின் குளிர்சாதனங்களுக்கான எரிபொருள் கடந்துகொண்டிருந்தது. சூயஸ் கால்வாயிலும் அப்படியே. எகிப்து உறவை முறித்திருந்தாலும், போரிலும் அமைதியிலும் எல்லாக் கொடிகளுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்ற 1888 ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்ததால் கத்தாரின் எரிவாயுக் கப்பல்கள் வழக்கம்போல் கடந்துபோயின. எதை இழந்தால் தனக்கே வலிக்குமோ அதைத் தொடாமல், எதிராளிக்கு மட்டும் வலிக்கும் என்று நம்பியதையே ஒவ்வொரு நாடும் அறுத்தது.

தடை போட்ட நாடுகளிடமிருந்து 2017 ஜூன் மாதப் பிற்பாதியில் வந்த 13 கோரிக்கைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், அவை ஏற்கப்படும் என்று எழுதியவர்களே நம்பினார்களா என்ற ஐயம் வருகிறது. கத்தாரின் அல் ஜஸீரா தொலைக்காட்சியை மூட வேண்டும், துருக்கியின் படைத்தளத்தை அகற்ற வேண்டும், ஈரானுடனான உறவைக் குறைக்க வேண்டும், பத்து நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகின் மிகப்பெரிய எரிவாயு வயலை ஈரானோடு கடலடியில் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நாடு, ஈரானோடு பேசாமல் எப்படி இருக்கும்? துருக்கித் தளத்தைப் பற்றியும் நடந்தது தலைகீழ். தடை விழுந்த இரண்டே நாளில் துருக்கிய நாடாளுமன்றம் படை அனுப்ப ஒப்புதல் கொடுத்தது. ஜூன் 6 அன்று ட்ரம்ப் ட்விட்டரில் தடைக்கு ஆதரவாகப் பேசினார்; அடுத்த வாரமே அவருடைய பாதுகாப்புத் துறை கத்தாருக்கு எஃப்-15 போர் விமானங்கள் விற்கச் சுமார் 1,200 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவின் அல் உதெய்த் விமானத் தளம் தோஹாவுக்கு வெளியே இருக்கும்வரை வாஷிங்டனின் கோபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று கத்தார் போட்ட கணக்கு அந்த முறை சரியாக வந்தது.

இடையில் அலைந்தவர் குவைத் அமீர் ஷேக் ஸபாஹ். முதிர்ந்த வயதில் தலைநகரம் தலைநகரமாகப் போய்ப் பேசிய அவர் 2020 செப்டம்பரில் மறைந்துவிட்டார். தடையை முடித்த உடன்பாட்டைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல் உலாவில் கையெழுத்தானபோது அல் ஜஸீரா ஒளிபரப்பிக்கொண்டுதான் இருந்தது, துருக்கிப் படையும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

வழி திறந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எங்கள் விற்பனைப் பிரிவு எதிர்பார்த்தது. பாதிதான் ஆயிற்று. ஜெபல் அலிக் கட்டணம் குறைவாக இருந்தும், சில வாடிக்கையாளர்கள் நேரடிச் சேவைக்கே கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் துபாய் வழியாகவும் மற்றதை இந்தியாவிலிருந்தோ ஓமானிலிருந்தோ நேராகவும் கொண்டுவருவது அவர்கள் வழக்கமாயிற்று. அந்தக் கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டுத் தவணை என்றே ஒரு வணிகர் தன் கணக்கில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

அந்தக் காப்பீடு தொடாத ஓர் இடம் உண்டு. ஸொஹாரிலிருந்து வந்தாலும் முந்த்ராவிலிருந்து வந்தாலும் ஹமத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே தீர வேண்டும். கத்தாரின் திரவ எரிவாயுக் கப்பல்களும் அதே வாயிலில்தான் வெளியே போக வேண்டும். சல்வா எல்லைக்கு மாற்று கிடைத்தது, ஜெபல் அலிக்கும் கிடைத்தது, ஹோர்முஸுக்குக் கத்தாரிடம் மாற்று இல்லை. தடைக்காலத்தில் வான்வழி கொடுத்த அதே ஈரான் 2025 ஜூன் 23 அன்று அமெரிக்காவுக்குப் பதிலடியாக அல் உதெய்த் தளத்தின் மீது ஏவுகணைகளை வீசியது. அன்றிரவு தோஹாவில் இருக்கும் பழைய சகா ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். குடும்பம் நலம் என்று முதல் வரியில் எழுதியிருந்தார். நீரிணைக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்குப் போர்க்காலக் கூடுதல் கட்டணம் போடுவார்களா என்று வாடிக்கையாளர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது இரண்டாவது வரி.